என் முட்டை மேல் விழுந்த பழி

பல்லடம்,
சித்திரை மாதம், 1996.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஈரோட்டு மச்சான் கிருபாசங்கர் அவர்களுக்கு, தங்கள் தங்கை கீதாவின் கணவன் ஆறுச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டு அக்காவும் மஞ்சள் மண்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அப்படி எழுதினால், பிறகு எதற்காகக் காதுகுத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்பீர்கள். ஆகையால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கார்டு வந்தது. என் பெயருக்கு வராமல் கீதாவின் பெயருக்கு வந்ததிலேயே தங்கள் கோபம் எனக்குப் புரிந்துவிட்டது. தபால்காரர் அதைப் எங்கள் கோழிப்பண்ணை வாசலில் நின்று ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "ஏனுங்க, மச்சானுக்கு மனஸ்தாபமுங்களா?" என்று என்னிடமே விசாரித்தார். 'காது குத்த என் மடி ஆகாது என்றால் நேராகச் சொல்லிவிடட்டும், நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், லோகப்பிரியாவுக்குத் தாய்மாமன் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் மடியில் உட்கார வைக்காமல் அவளுக்குக் காது குத்திவிட்டு, நான் எந்த விசேஷத்துக்குப் போய் எந்தப் பந்தியில் உட்கார முடியும்? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் வரவில்லையென்றால் கீதா என்னோடு பேசப் போவதில்லை. இப்போதே பாதிதான் பேசுகிறாள்.

தை மாதம் நாள் குறித்தோம் அல்லவா, அப்போது பிள்ளை நன்றாகத் தேறிக்கொண்டிருந்தாள். அதுவரை முட்டையை வாயில் வைத்தால் துப்பிக்கொண்டிருந்தாள். அது எனக்கு எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்று உங்களுக்குத் தெரியாது. பண்ணைக்காரர் சங்கம் போட்ட காலண்டரில் இரண்டு கையிலும் முட்டையை ஏந்திக்கொண்டு சிரிப்பது இவள்தான். பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் டீக்கடை தவறாமல் அந்தக் காலண்டர் தொங்குகிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கள் என்று பேசுவது நான். என் பிள்ளை முட்டை தின்ன மாட்டாள் என்று வெளியில் தெரிந்தால் யார் என்னை மதிப்பார்கள்? அதனால் கீதாவிடம் சொல்லி, வெங்காயம் போட்டு முறுகலாக முட்டை தோசை வார்க்கச் சொன்னேன். பிள்ளைக்குப் பிடித்துப்போனது. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் சண்டைச் சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தீவன மூட்டை இறக்கப் போனேன். சற்று நேரத்தில், "அப்பா, அரிக்குதுங்க" என்று ஓடிவந்தாள். கவுனைத் தூக்கிப் பார்த்தால் வயிறு, முதுகு, தொடை எங்கும் செக்கச் சிவக்கத் தடிப்பு. பார்க்கப் பார்க்க ஒரு தடிப்பு இன்னொன்றோடு சேர்ந்து பெரிதாகிறது. காது மடல் கூடத் தடித்துவிட்டது. பிள்ளை சொறிந்துகொண்டே அழுகிறாள்.

"டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்று கீதா மொபெட் சாவியை எடுத்துவிட்டாள். அதற்குள் என் அக்கா கருப்பாத்தாள் வந்துவிட்டாள். அவள் வீடு எங்கள் தோட்டத்திலேயே வடபுறம் இருக்கிறது என்பதும், இங்கே பால் பொங்கினால் அங்கே மூக்கு நிமிரும் என்பதும் தாங்கள் அறிந்ததே. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா எறங்கிட்டா! ஆரும் புள்ளயத் தொடாதீங்க. டாக்டரு கீக்டருன்னு பேச்சே எடுக்கக் கூடாது, ஆமா!"

அம்மை முத்து முத்தாக அல்லவா வரும், இது பட்டை பட்டையாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். "ஆத்தா உன்றகிட்டக் கேட்டுட்டுத்தான் எறங்கோணுமாடா?" என்றாள். அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. கறி நின்றது, முட்டை நின்றது, எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. பிள்ளைக்கு இளநீர், கம்பங்கூழ், தயிர்ச்சோறு. எனக்கும் அதே. இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்து ராமுலு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இது அம்மை இல்லீங்க, காணாக்கடி. என்னமோ பூச்சி கண்ணுக்குத் தெரியாமக் கடிச்சுப்போட்டுது. வெத்தலையில மந்திரிச்சாப் போயிரும்" என்று சொல்ல, அக்கா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். அம்மைக் கட்சியும் காணாக்கடிக் கட்சியும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டாள். காலையில் எழுந்தால் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை.

"பாத்தியா, ஆத்தா குளுந்துட்டா" என்றாள் அக்கா. சரி, அதுதான் போய்விட்டதே, காதுகுத்தை வைத்துக்கொள்ளலாமே என்றேன். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியாமல் ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நாள் தாண்டிப்போயிற்று. காரணத்தைச் சொல்லி உங்களுக்கு டெலிபோன் பூத்திலிருந்து போன் செய்கிறேன் என்றதற்கும், அம்மை வந்த வீட்டிலிருந்து நல்ல காரியத்தைப் பற்றிப் பேச்சு வெளியே போகக் கூடாது என்றாள். இப்படி ஒரு சட்டத்தை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவள் அப்போதுதான் இயற்றினாள் என்று நினைக்கிறேன். அதனால்தான் தங்களுக்கு 'நாள் சரியில்லை, தள்ளி வைத்திருக்கிறோம்' என்று மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அக்காவே அடுப்படிக்கு வந்தாள். பத்தியச் சோறு தின்று பிள்ளை இளைத்துப்போனாளாம். எண்ணெய்ச் சட்டியை இறக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு முட்டைப் பொரியல் செய்து, "என்ற கண்ணு, தின்னு சாமி" என்று தன் கையாலேயே ஊட்டினாள். வேப்பிலையைக் கழற்றி நான் வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், பிள்ளை மறுபடியும் பட்டை பட்டையாகத் தடித்து நிற்கிறாள். அக்காவுக்கே பேச்சு வரவில்லை. பிறகு வந்தது. ஆத்தாவுக்கு மாவிளக்கு வைக்காமல் காதுகுத்தைப் பற்றி யோசித்தோமாம், அந்தக் கோபத்தில் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாளாம். அதே வேப்பிலை, அதே கம்பங்கூழ், அதே மூன்று தண்ணீர். அதே மாதிரி மறுநாளே தடிப்பு போய்விட்டது. இந்தத் தடவை மாவிளக்கோடு நில்லாமல், நான் அக்கினிச்சட்டி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டுவிட்டாள். வேண்டிக்கொள்வது அவள், தூக்குவது நான்.

பங்குனியில் இரண்டாவது நாள் குறித்தோம். பந்தல்காரனுக்குச் சொல்லி, சமையல்காரருக்குச் சொல்லி, நீங்களும் சீர்த்தட்டெல்லாம் எடுத்து வைத்துவிட்டீர்கள். காது குத்தும்போது பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று, முந்தின நாள் நானே பண்ணையில் போய், அன்றைக்கு இட்டதில் நல்ல பெரிய முட்டையாகப் பொறுக்கி, அவித்து, உரித்து, உப்புத் தொட்டு ஊட்டினேன். முழுவதும் தின்றாள். பந்தக்கால் ஊன்றக் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கீதா உள்ளேயிருந்து கத்தினாள். இந்தத் தடவை கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன, மச்சான். என்னைப் பார்க்க முடியாமல், "அப்பா எங்கீங்க, அப்பா எங்கீங்க" என்று கையை நீட்டித் துழாவினாள். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு நிற்க முடியவில்லை. வெளியே வந்து குழி வெட்டியவனைத் திட்டினேன். அவன் என்ன செய்வான், பாவம். அந்த நாளும் அப்படிப் போயிற்று.

அன்றைக்குத்தான் கீதா முடிவாகச் சொன்னாள். "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வீக்கம் வடிஞ்சதும் நான் புள்ளயக் கோயமுத்தூரு கூட்டிட்டுப் போறனுங்க." அம்மை வந்த பிள்ளையை டாக்டரிடம் காட்ட அக்கா விடமாட்டாளே என்று யோசித்து, கோனியம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று நான்தான் ஒரு யுக்தி செய்தேன். அருமையான யுக்தி. ஒரே ஒரு குறை, அக்காவும் கிளம்பிவிட்டாள். ஆத்தாவைப் பார்க்கப் போகும்போது அவளை எப்படி வேண்டாம் என்பது? பஸ்ஸில் சூலூர் வரை மாரியம்மன் பாட்டு, அதற்கப்புறம் சிங்காநல்லூர் வரை ராமுலுவைப் பற்றிய பேச்சு. கோயிலில் அர்ச்சனை செய்து, அப்படியே நடந்து வருகிற மாதிரி தோல் டாக்டர் கோவிந்தராஜுலுவின் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். இது என்ன கோயில் என்று அக்கா கேட்டாள். கீதா நின்று திரும்பிப் பார்த்து, "இதும் கோயிலுதானுங்க, வாங்க" என்றாள்.

டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. நாற்காலியில் உட்காருமுன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங் டாக்டரு, ஆத்தா வந்து போன ஒடம்புங்க இது. ஊசி கீசி போட்டுப்போடாதீங்க."

"ஊசியெல்லாம் இல்லீங்கம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மொதல் தடவ வந்தன்னைக்குப் புள்ள என்ன சாப்பிட்டுதுங்க?"

"முட்டை தோசைங்க" என்றாள் கீதா. நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"ரெண்டாவது தடவை?"

"முட்டைப் பொரியலுங்க. நானே ஊட்டுனனுங்க" என்றாள் அக்கா. அதற்கும் தலையாட்டினேன்.

"மூணாவது?"

"அவிச்ச முட்டைங்க, டாக்டர்! நம்ம பண்ணை முட்டை, அன்னைக்கு இட்டது!" என்று இதை நானே சொன்னேன். பக்கத்தில் கீதா என் கையைக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். கோழிப்பண்ணை என்றேன். பேனாவை மறுபடி எடுத்து அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, சில பிள்ளைகளுக்கு முட்டை சேராது, தின்றால் இப்படித்தான் தடிக்கும், அம்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அம்மை என்று நீங்கள் முட்டையை நிறுத்தியதால்தான் நடுவில் வராமல் இருந்தது, பத்தியம் முடிந்து மறுபடி கொடுத்ததும் வந்துவிட்டது என்றார். முட்டையை அடியோடு நிறுத்த வேண்டுமாம், கேக், பிஸ்கட்டில் கூடப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் கடுமையாகிக்கொண்டு வருகிறது, இனிமேல் விளையாட்டுக்குக் கூடக் கொடுத்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். அரிப்புக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

மச்சான், தாங்களே சொல்லுங்கள். என் பண்ணை முட்டை மேல் இதுவரை ஒரு வாய்ச்சொல் வந்ததுண்டா? கேரளாவுக்கு லாரி போகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் போகிறது. அத்தனை பிள்ளைகளும் தின்றுவிட்டு ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. என் முட்டை என் பிள்ளைக்கு மட்டும் சேராதாமா? இதைச் சொல்ல ஒரு டாக்டர், அவருக்கு ஃபீஸ் வேறு. வெளியே வந்ததும் நானும் அக்காவும் ஒரே குரலில் அவரைத் திட்டினோம். அக்காவும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவளுக்கு ஆத்தாவை இல்லை என்று சொல்லிவிட்டார் என்று கோபம். எனக்கு என் கோபம். கீதா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்த அன்றே வீட்டிலிருந்த முட்டைகளை எல்லாம் பண்ணைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். பிள்ளைக்கு வேண்டாம் என்றால் சரி, எனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். "நீங்க தின்னா அவ உங்க தட்டுலருந்து எடுப்பாளுங்க" என்றாள். ஆகவே, பல்லடம் பண்ணைக்காரர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினனாகிய நான், கண்ணுக்கெட்டிய தூரம் கோழி வைத்துக்கொண்டு, மூன்று வேளையும் கத்தரிக்காய் தின்றுகொண்டிருக்கிறேன். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் மதியம் முட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது நான் அந்தப் பக்கம் கணக்குப் பார்க்கிற மாதிரி உலாவுகிறேன். வாசனை மட்டும்தான். பிள்ளைக்கு அதற்குப் பிறகு தடிப்பு வரவில்லை என்பது உண்மை. ஆனால் வெயில் காலம் வந்துவிட்டது, காற்று மாறிவிட்டது, எத்தனையோ காரணம் இருக்கலாம் அல்லவா?

இப்போது தாங்கள் எனக்கு இரண்டு உபகாரம் செய்ய வேண்டும். முதலாவது, கோபத்தை விட்டுவிட்டு, வைகாசி வளர்பிறையில் நாங்கள் குறித்திருக்கும் நாளுக்கு தங்கள் வீட்டு அக்காவோடும் சீரோடும் வந்து பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தித் தர வேண்டும். இரண்டாவது, கீதாவிடம் என் பக்கம் பேச வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். அன்றைக்குக் கிடாய் விருந்தோடு வந்தவர் எல்லோருக்கும் இலைக்கு ஒரு முட்டை வைக்கப் போகிறேன், அதற்கு அவள் குறுக்கே நிற்கக் கூடாது. அதுமட்டுமல்ல. மொட்டையடித்துக் காது குத்தி முடித்ததும், சொந்தபந்தம், சங்கத்துக்காரர்கள், தபால்காரர் உட்பட எல்லோர் கண் முன்னாலும் லோகப்பிரியாவுக்கு நானே ஒரு முழு முட்டையை ஊட்டப் போகிறேன். ஒன்றும் ஆகாது. டாக்டர் சொன்னது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், என் முட்டை மேல் விழுந்த பழியும் தீரும். கீதாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தாங்களும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் கும்பிடு. தங்கள் மஞ்சள் இந்த வருஷம் நல்ல விலைக்குப் போகட்டும். கருப்பாத்தாள் அக்கா தங்களுக்காகவும் ஏதோ வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அது என்ன என்று வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
ஆறுச்சாமி.

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை எழுதி ஒட்டித் தபாலில் போடப் பல்லடம் போனேன். தபாலாபீசுக்கு எதிரே ஒரு மெஸ். கல்லில் முட்டைக் கலக்கி ஊற்றுகிற வாசம் ரோடு வரைக்கும் வந்தது. நானும் மனுஷன்தானே. உள்ளே போய், ஒரு கலக்கி, இன்னொரு கலக்கி, அப்புறம் ஒரு ஆஃப் பாயில், தெரிந்தவர்கள் யாரும் பார்க்காத மூலையில் உட்கார்ந்து தின்றேன். தபாலில் போட மறந்துவிட்டு மொபெட்டை எடுத்தேன். பாதி வழியில் கழுத்து அரித்தது. பிறகு முதுகு. பிறகு எது அரிக்கவில்லை என்று தேட வேண்டியதாயிற்று. வண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பட்டை பட்டையாக, செக்கச் சிவக்க, பிள்ளைக்கு வந்தது எப்படியோ அப்படியே. எனக்கு வருஷக்கணக்காகச் சாயங்காலமானால் மேலெல்லாம் அரிக்கும், மச்சான். தீவனத் தூசி என்று துண்டால் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். இந்தக் கத்தரிக்காய் நாட்களில் அது இல்லாமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்குள் போக வெட்கமாக இருந்தது. மாட்டுக்கொட்டாயில் நின்று முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தேன். லோகப்பிரியா வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெரியமனுஷி மாதிரி என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "அரிக்குதுங்ளாப்பா? சொறியக் கூடாதுங்க, எரியும். நான் ஊதி உடறனுங்க" என்று கையிலிருந்து கழுத்து வரைக்கும் ஊதினாள். மச்சான், மூன்று தடவை அவளுக்கு இப்படித்தான் எரிந்திருக்கிறது. அதற்கு மேலும் எல்லோர் முன்னாலும் வைத்து இன்னொரு தடவை ஊட்டுவேன் என்று மேலே என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அரிப்பில் அழுகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக ஊதினாள்.

கீதா வந்தாள், பார்த்தாள், பிள்ளையின் மருந்தில் எனக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். உள்ளே போய்ச் சிரித்தது வெளியே கேட்டது. பிறகு என் சட்டைப் பையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டாள். கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "ஒரு வரி மாத்தக் கூடாதுங்க. அண்ணன் முழுசாப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே குறித்த நாளையும் தங்கள் மடியையும் தவிர மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். விருந்தில் முட்டை கிடையாது. தாங்கள் அவசியம் வர வேண்டும்.

டாக்டரைப் பற்றி எழுதியதையும், எனக்கு முட்டை சேராது என்பதையும் வெளியில் சொல்லிவிட வேண்டாம், சங்கத்தில் என் மானம் போய்விடும் என்று எழுதத்தான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன். இப்போது அதற்கும் தேவையில்லை. சற்று முன் முட்டை ஏற்ற லாரி வந்தது. வியாபாரி, சங்கத்துத் தலைவர், சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். லோகப்பிரியா ஓடிப்போய் அவர்கள் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "எல்லா முட்டையும் எடுத்துட்டுப் போயிருங்க, ஒண்ணு கூட வெச்சுட்டுப் போகாதீங்க, எங்கப்பாக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டாள்.